முதல் கடலூர்

இது கடலூர்தாங்க.
ஆனா நீங்க இறங்க வேண்டிய கடலூர் இல்ல.

கோர்ட்டுன்னா மஞ்சக்குப்பம்.
அதுக்கு அடுத்த ஸ்டேஷன், திருப்பாதிரிப்புலியூர்.
அவ்வளவு நீளப் பேரை ரயில்ல யாரும் சொல்றதில்ல,
சுருக்கமா "கடலூர், கடலூர்"ங்குறாங்க.
கொள்ளிடத்துப் பக்கம் இருந்து வர்றவங்க
பையைத் தூக்கிக்கிட்டு இங்கேயே குதிச்சுடுறாங்க.
வாரத்துக்கு நாலு பேர்.
என் மக நர்சிங் படிக்கிறது
அந்த நாலு பேர் காசுல.

ஏறுங்க. மீட்டர் இல்ல.
மீட்டர் கேஜையே பிடுங்கிட்டுப் போயிட்டாங்க,
ஆட்டோவுல மட்டும் எப்படி இருக்கும்?
தண்டவாளம் அகலமான வருஷங்கள்ல
ஒரு வண்டியும் வராது.
பிளாட்பாரத்துல கருவாடு காய்ஞ்சது.
சிக்னல் கம்பத்துல நீர்க்காகம் குடும்பம் நடத்துச்சு.
நான் பின்சீட்டைக் கழட்டிட்டு
நெத்திலி ஏத்தினேன்.
வாடை இன்னும் இருக்கும், மன்னிச்சுக்கணும்.

பின்னால பாருங்க, மஞ்சப் பலகை.
கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு
மூணு மொழியில ஊர்ப் பேருக்குக் கீழ எழுதியிருக்கும்.
அந்த டிசம்பர் ஞாயித்துக்கிழமை
கடல் அதைப் படிக்கல.

இது மணிக்கூண்டு. இடப்பக்கம் போனா
சலங்குக்காரத் தெரு. சலங்கு கிடையாது.
பெரிய கப்பல் தூரத்துல நிக்குமாம்,
சலங்குதான் போய்ச் சரக்கை இறக்குமாம்.
ரயில் வந்தது அந்தச் சரக்குக்காக.
சரக்கு நின்னுச்சு, கப்பல் நின்னுச்சு,
ரயில் மட்டும் ஏதோ ஞாபகத்துல
துறைமுகம்னு பேர் வச்சுக்கிட்டு வந்து போகுது.

நீங்க ஒண்ணும் பேசல.
பேசாதவங்ககிட்ட நான் அதிகமாப் பேசுவேன்.

தேவனாம்பட்டினத்துல ஒரு கோட்டை.
இப்ப செங்கல்தான், அதுவும் கொஞ்சம்தான்.
வெள்ளைக்காரன் அதை வாங்கினப்ப
எல்லை எதுன்னு ஒரு பேச்சு வந்துச்சாம்.
பீரங்கியைச் சுடு, குண்டு விழுற வரைக்கும் உன்னுதுன்னு
முடிவாச்சாம்.
அப்படி வந்ததுதான் குண்டு கிராமங்கள்.
ஏரு ஓட்டிக்கிட்டு இருந்தவன்
தலைக்கு மேல ஒரு சத்தம் கேட்டிருப்பான்,
அடுத்த நிமிஷம் அவன் வேற ராஜ்ஜியம்.
கிழக்கே சுட்டிருந்தா
வங்காள விரிகுடாவுக்கும் கிஸ்தி கேட்டிருப்பான்.

கேட்டு போட்டுட்டான்.

எஞ்சினை அணைச்சேன்.
எதிர்வண்டிக்காக ஜங்ஷன்ல நின்ன ரயில்
இப்பத்தான் கிளம்பி வருது.
நீங்க இறங்கின அதே ரயில்.
மூணாவது பெட்டி ஜன்னல்ல
உங்க பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளை
கையை ஆட்டுது. நீங்களும் ஆட்டுறீங்க.

அப்பதான் ஜவுளிக்கடைப் பையில இருந்து
அந்தக் காகிதத்தை எடுத்தீங்க.
கண்ணாடியில தெரிஞ்சுது, நான் வேணும்னு பாக்கல.
கையெழுத்துக்கு இடம் விட்டு
வக்கீல் பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருந்தார்.

கடைசிப் பெட்டி போச்சு.
அதோட முதுகுலயும் அதே குறி,
மஞ்சள்ல, ஆள் உசரத்துக்கு.
ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தீங்க.
"அது எதுக்கு?" முதல் தடவையா உங்க குரல்.

அதுங்களா,
வண்டி முழுசா வந்துடுச்சு, நடுவுல எதுவும் கழண்டு விழலன்னு
ஸ்டேஷன்ல இருக்கறவங்க தெரிஞ்சுக்கறதுக்கு.
அது இல்லாம ஒரு வண்டி போனா
பின்னால எந்த வண்டியையும் விட மாட்டாங்க.

நீங்க காகிதத்தை மடிச்சீங்க.
பைக்குள்ள வைக்கல, கையிலயே வச்சிருந்தீங்க.

கேட்டு திறந்தாச்சு.
ரெண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்துல நடுவுல ஏறுறாங்க,
ஒருத்தரும் நகர முடியல, இது தினமும் நடக்குறது.
ஒரு தக்காளி வண்டிக்காரர் என்னைத் திட்டுறார்.
நான் அவரைத் திட்டுறேன்.

"அந்தக் குண்டு கடைசியா எங்க விழுந்துச்சு?"

தெரியலீங்க.
எங்க ஊர்லதான்னு
ஒவ்வொரு ஊர்க்காரனும் சொல்றான்.